பனி விழுந்த வருடத்து விசிறிகள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, மூன்று முறை கைக்கடிகாரத்தைப் பார்த்த பிறகும் முகம் மாறாமல் புன்னகைத்துக்கொண்டிருக்கும் பிஸ்கா மலைச் சபையின் போதகர் எப்ராயீம் கோல்ஸ் அவர்களே, எந்த இடத்தில் ஆமென் சொல்ல வேண்டும், எந்த இடத்தில் தொண்டையைக் கனைக்க வேண்டும் என்று அறிந்த மூப்பர்களே, வலப்புற முன்வரிசையை வெள்ளைத் தொப்பிகளால் நிரப்பியிருக்கும் சபைத் தாய்மார்களே, இடப்புற முன்வரிசையில் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்து அமர்ந்திருக்கும் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் விட்னி ஹேல் அம்மையார் அவர்களே, அக்கரை என்றால் ஒன்றரை மைல்தான், அதைக் கடந்து வர உங்களுக்குத் தொண்ணூறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன, வழியில் நெரிசல் போலும், அதனால் உங்களை இருமடங்கு வரவேற்கிறேன். என்றைக்காவது ஒரு நாள் நம் எல்லோரையும் வரவேற்கப்போகிற விட்லோ சவ அடக்க நிலையத்தின் உரிமையாளர் கேயஸ் விட்லோ அவர்களே, உங்களை வரவேற்க மட்டும் எனக்கு அவசரம் இல்லை.

கடைசியாக ஒருவர். வெள்ளைக் கையுறை மாட்டி, வாசல் கதவருகே விறைப்பாக நிற்கிறாரே, வாசல் ஊழியர் குழுவின் தலைவர், முடிதிருத்தும் கலைஞர், சகோதரர் ரஸ்கோ பேட்டில் அவர்களே. நாளை திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு இந்தப் பிரேக்ஸ்டன் மாவட்ட நீதிமன்றம் உங்களை அறுபது நாள் சிறைக்கு அனுப்புவதா இல்லையா என்று முடிவு செய்யப்போகிறது. அப்படி இருந்தும் இன்றைக்கு வந்து, எல்லோருக்கும் இடம் காட்டி, குளிர்சாதனம் நின்றுபோன இந்த மண்டபத்தில் ஆளுக்கொரு விசிறியும் கொடுத்தீர்களே, உங்களுக்கு என் முதல் வணக்கம்.

நான் இமானி பிரேஸ்வெல். இந்தச் சபையின் பிள்ளை. மாவட்ட இலவச வழக்கறிஞர் அலுவலகத்தில் கோப்பு சுமக்கிறவள். எனக்கு நன்றியுரை தந்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம். பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். என்னை அறிந்தவர் போலிருக்கிறது.

எதற்கு நன்றி? அல்மீடா பிரூயிட் அம்மையாருக்கு இன்று பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியிருக்கிறது. அவர் இறந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து. உயிரோடு இருந்தபோது கொடுத்திருந்தால் அவர் அதை வைத்து வேலை கேட்டிருப்பார். இப்போது கேட்க மாட்டார். பாதுகாப்பான பட்டம். நன்றி.

ஒரு கல்வெட்டும் தந்திருக்கிறார்கள். பேராசிரியர் எல்ஸ்வொர்த் கிரேன் பெயரைத் தாங்கிய கட்டடத்தில், இரண்டாம் மாடியில், குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே பதிக்கப்போகிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது? "பேராசிரியர் கிரேனின் குற்றவியல் ஆய்வுக்குத் துணை நின்றவர், நாட்டுப்புறக் கலையின் காவலர்." துணை நின்றவராம். அதற்கும் நன்றி. யாருக்கு யார் துணை நின்றார், யார் மேல் யார் ஏறி நின்றார் என்பதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

அல்மீடா பிரூயிட் யார்? நம் ஊர்க் கறுப்பர் பள்ளியில் கணக்கு டீச்சர். நம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட வட மாநிலத்துக்குப் போய் முதுகலைப் பட்டம் வாங்கி வந்தவர். அக்கரைப் பல்கலைக்கழகம் அந்நாளில் நம் பெண்களை உள்ளே விட்டதா? விட்டது. காலையில் துடைப்பத்தோடு விட்டது, மாலையில் வெளியே அனுப்பியது.

அவர் ஒரு கேள்வி கேட்டார். ஒரே ஒரு கேள்வி. செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது பிள்ளைகளின் தகப்பன்மாரைக் காணோம். ஜூனில் இருந்தவர்கள் செப்டம்பரில் இல்லை. எங்கே என்று கேட்டால், சிறை முகாமில் என்றார்கள். என்ன குற்றம் என்று கேட்டால், நின்றார் என்றார்கள். ஆம், சட்டத்தின் பெயரே அதுதான், காரணமின்றி நிற்றல். சனவரியில் நின்றவனை யாரும் கேட்கவில்லை. ஜூலையில் நின்றவன் குற்றவாளி. ஒரே மனிதன், ஒரே தெரு, ஒரே கால்கள். அல்மீடா டீச்சர் கேட்டார், நம் ஆட்கள் கோடையில் மட்டும் ஏன் கெட்டுப்போகிறார்கள்?

கேட்டவர் சும்மா இருக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனார். கறுப்பர் உட்கார என்று நமக்கு ஒதுக்கிய மேல்மாடத்தில் உட்கார்ந்தார். அன்று நடந்ததைத் தங்கை லூவீனியாவுக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. நீதிமன்றச் சேவகன் வந்து நோட்டைப் பிடுங்கிக்கொண்டான்.

"எழுத்தெல்லாம் இங்க கூடாது. நீ என்ன பத்திரிகைக்காரியா?"

"இல்லீங்க ஐயா. கணக்கு டீச்சர்."

"அப்ப போய்க் கணக்கு சொல்லிக் குடு. இங்க கணக்குப் பார்க்க நீதிபதி இருக்காரு."

மறுநாள் டீச்சர் நோட்டு இல்லாமல் போனார். கையில் ஒரு விசிறி. மரக்குச்சியில் அட்டை ஒட்டிய விசிறி, உங்கள் கையில் இப்போது இருக்கிறதே அதே மாதிரி. நம் மக்கள் கையில் விசிறி இருந்தால் உலகத்தில் எவன் கண்ணுக்கும் அது தெரியாது. அது நம் கையோடு முளைத்தது என்று நினைத்துக்கொள்வான். முன்பக்கம் நல்ல மேய்ப்பராக நம் ஆண்டவர் படம். பின்பக்கம் சவ அடக்க நிலையத்தின் விளம்பரம் இருக்க வேண்டும், ஆனால் அச்சகத்தில் பின்பக்கத்தை அச்சடிக்க மறந்துபோய் ஒரு வண்டி நிறைய விசிறிகளை அனுப்பிவிட்டார்கள். முதலாவது விட்லோ, இங்கே உட்கார்ந்திருப்பவரின் பாட்டனார், தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். டீச்சர் போய்க் கேட்டார். விட்லோ சொன்னாராம்:

"எடுத்துட்டுப் போம்மா. பேரு போடாத விசிறி எனக்கெதுக்கு? செத்தவன் வழி தெரியாம போட்டிக் கடைக்குப் போயிருவான்."

கேயஸ் விட்லோ அவர்களே, சிரிக்கலாம், குடும்பப் பெருமைதான்.

அந்த வெற்றுப் பின்பக்கத்தில் டீச்சர் எழுதினார். சிறிய பென்சிலை உள்ளங்கையில் மறைத்து, விசிறுவது போல் அசைத்து, மடியில் வைத்து எழுதினார். நீதிமன்றம் கூடிய ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விசிறி. பிடிபட்டவன் பெயர். பிடித்த இடம். பிடித்தபோது என்ன செய்துகொண்டிருந்தான். தீர்ப்பு. எங்கே அனுப்பினார்கள். பள்ளி நடக்கும் மாதங்களில் சனிக்கிழமை தோறும். கோடை விடுமுறையில் ஞாயிறு தவிர தினந்தோறும். சனவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அந்தச் சேவகனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஏய், வெளிய தண்ணி உறையுது. உனக்கு விசிறி கேக்குதா?"

"எனக்கு அந்த வயசுங்க ஐயா. திடீர் திடீர்னு சூடு ஏறுது."

சேவகன் முகம் சிவந்து ஓடிப்போனான். தாய்மார்களே, ஏன் சிரிக்கிறீர்கள்? அப்போது டீச்சருக்கு வயது முப்பத்தொன்று.

அதோடு நின்றாரா? இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் பீச் பழம் பொட்டலம் கட்டும் கொட்டகை வழியாக நடந்து போனார். வாசலில் ஒரு கரும்பலகை. தோட்ட முதலாளி டேட் சாக்கட்டியால் எழுதி வைப்பார், ஆள் தேவை நாற்பது. அடுத்த வாரம் நீதிமன்றத்தில் தண்டனை பெற்று, அதே தோட்டத்துக்குக் கூலியின்றி அனுப்பப்பட்டவர்கள் முப்பத்தெட்டு. ஆள் தேவை பன்னிரண்டு, அடுத்த வாரம் பதினொன்று. ஆள் தேவை இல்லை, அடுத்த வாரம் ஒருவரும் இல்லை. மூன்று கோடைகள் டீச்சர் இதை எழுதினார். பலகை கேட்டது, நீதிமன்றம் கொடுத்தது. பழம் பழுத்தால் நாம் குற்றவாளிகள், பழம் தீர்ந்தால் நாம் குடிமக்கள். இந்த நாட்டில் குற்றத்தை ஆராய்ந்தவர்கள் எல்லாம் குற்றவாளியின் மண்டையை அளந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு கணக்கு டீச்சர் கைது செய்கிறவனின் தேவையை அளந்தார். இது துணை நிற்பதா? இது தனியே நிற்பது. காரணத்தோடு நிற்பது.

ஆனால் டீச்சருக்கே திருப்தி இல்லை. தங்கைக்கு எழுதுகிறார், "பழமும் கோடையில்தான் வருகிறது, வெயிலும் கோடையில்தான் வருகிறது. இரண்டில் எது காரணம் என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்வேன்?" கேட்டீர்களா சபையோரே? அவர் பக்கம் இருந்த நியாயத்தை அவரே சந்தேகப்பட்டார். படித்தவர் என்றால் இதுதான். மற்றதெல்லாம் அங்கி.

பதில் வானத்திலிருந்து வந்தது. 1932. மார்ச் மாதம், பீச் மரங்கள் பூத்துக் குலுங்கும்போது, பருவம் தப்பிய உறைபனி விழுந்தது. பூ அத்தனையும் கருகியது. அந்த வருடம் பிரேக்ஸ்டனில் ஒரு கூடை பழம் இல்லை. டேட் தோட்டத்துக் கரும்பலகை மே முதல் ஆகஸ்ட் வரை வெறுமையாக இருந்தது. ஆனால் அந்தக் கோடைதான் இங்கே அதற்கு முன் யாரும் கண்டிராத கோடை. மருந்துக் கடை வாசலில் தொங்கும் வெப்பமானி பாரன்ஹீட் கணக்கில் நூறு, நூற்றொன்று, நூற்றுமூன்று என்று ஏறியது. நம் ஆட்கள் வேலை இல்லாமல் முழு நேரமும் தெருவில்தான் நின்றார்கள். காரணமே இல்லாமல் நின்றார்கள்.

எத்தனை பேரைப் பிடித்தார்கள்?

மூப்பர் ஹைராம் சொல்கிறார், ஒருவரையும் இல்லை என்று. ஆம். யாருக்கும் தேவைப்படவில்லை. தேவைப்படாதவன் எப்படிக் குற்றவாளி ஆவான்? டீச்சர் தினமும் போய் அந்த மாடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு விசிறியின் மூலையிலும் மூன்றே மூன்று விஷயம் எழுதினார். தேதி. அன்றைய வெப்பம். ஒரு சைபர். எண்பத்தெட்டு நாள். எண்பத்தெட்டு விசிறி.

இப்போது வருகிறார் பேராசிரியர் கிரேன். ஒரு கறுப்பு டீச்சர் கணக்கு வைத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு 1934இல் காரில் வந்தார். டீச்சர் வீட்டில் பீச் பழப் பணியாரம் இரண்டு தட்டு சாப்பிட்டார். கடிதத்தில் இரண்டு தட்டு என்றே இருக்கிறது, டீச்சர் எதையும் எண்ணாமல் விடுகிறவர் இல்லை.

"இவ்வளவு சுத்தமா வச்சிருக்கியேம்மா. யாரு சொல்லிக் குடுத்தா?"

"நான்தாங்க மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறேன்."

"இது என்ன, இதுல தேதியும் சூடும் ஒரு சைபரும்தானே இருக்கு? ஒண்ணும் எழுதலையே."

"ஒண்ணும் நடக்கலைங்க ஐயா. அதைத்தான் எழுதியிருக்கேன்."

"ஒண்ணும் நடக்கலேங்கிறது ஒரு தகவலா?"

"பழம் இருந்த வருஷம் புடிச்சாங்க. இல்லாத வருஷம் விட்டுட்டாங்க. வெயிலு குறையவே இல்ல. இதுக்கு மேல என்னங்க தகவல் வேணும்?"

பெயர்கள் எழுதிய விசிறிகளை எல்லாம் பேராசிரியர் எடுத்துக் காரில் வைத்தார். மூன்று வாரத்தில் தருகிறேன் என்றார். இன்னும் தரவில்லை. பனி வருடத்து விசிறிகளை மட்டும் மேசை மேல் டீச்சர் பக்கமாகத் தள்ளிவிட்டார்.

"இதை நீயே வச்சுக்கம்மா. வெயில் காலத்துக்கு ஆகும்."

நான்கு ஆண்டுகளில் புத்தகம் வந்தது. அதில் டீச்சரின் எண்கள் எல்லாம் இருந்தன. டீச்சர் இல்லை. அடிக்குறிப்பில் "உள்ளூர்ப் பெண் ஒருவர்" என்று இருந்தது. முடிவு மட்டும் பேராசிரியருடையது. வெயில் ஏறினால் கறுப்பர் இரத்தம் கொதிக்கிறது, கொதித்தால் குற்றம் பெருகுகிறது. பனி வருடத்தைப் பற்றி ஒரே வரி, "அவ்வாண்டுக்குப் பதிவுகள் கிடைக்கவில்லை." கிடைக்கவில்லையாம். மேசை மேல் தள்ளியது கை, கிடைக்கவில்லை என்று எழுதியதும் அதே கை.

அந்தப் புத்தகத்துக்காகக் கட்டடத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். போகட்டும், செத்தவர் பெயர் செங்கலில் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். யாருக்கு நஷ்டம் என்று சொல்கிறேன். நம் மாவட்டத்தில் வெப்பநாள் உத்தரவு என்று ஒன்று இருக்கிறதே, தொண்ணூற்றைந்து டிகிரிக்கு மேல் போனால் குறிப்பிட்ட தெருக்களில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று. குறிப்பிட்ட தெருக்கள் எவை என்று நான் சொல்ல வேண்டுமா? நீங்கள் அங்கேதான் குடியிருக்கிறீர்கள். அந்த உத்தரவின் முதல் பத்தியில் யார் பெயர் இருக்கிறது? பேராசிரியர் எல்ஸ்வொர்த் கிரேன். மூளையில் விளைந்த பொய்க்கு ஆயுள் அதிகம். ஆய்வு என்று பெயர் வைத்துவிட்டால் சாவே கிடையாது.

இரண்டு வாரத்துக்கு முன் ரஸ்கோ அண்ணன் கடையில் மின்சாரம் போனது. மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டு, தன் கடை வாசலில், தன் கடைப் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்றார். காவலர் வண்டி வந்து நின்றது.

"இங்க என்ன நிக்கிற?"

"கடைங்க. என்னோடதுங்க. உள்ள கரன்ட் இல்ல."

"எவ்வளவு நேரமா நிக்கிற?"

"பத்தொன்பது வருஷமா."

நகைக்காதீர்கள். அறிக்கையை நான் படித்தேன், என் அலுவலகத்துக் கோப்பு அது. "பத்தொன்பது ஆண்டுகளாக நின்றுகொண்டிருப்பதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஒப்புக்கொண்டார்" என்று எழுதியிருக்கிறார்கள். இது ஜூலை மாதம். சிறை வண்டி தினமும் எங்கே போகிறது? பீச் கொட்டகைக்கு. கரும்பலகை போய்விட்டது, இப்போது மின்னஞ்சல். பழம் காத்திருக்காது. அறுபது நாள் பழம் அடுக்கிவிட்டு வந்தால் முடிதிருத்தும் உரிமமும் போய்விடும். பத்தொன்பது வருடத்துக் கடை போய்விடும்.

அரசு வழக்கறிஞரிடம் போய் நான் சொன்னேன், இந்த உத்தரவின் அடிப்படையே பொய், அல்மீடா பிரூயிட் இதை 1932லேயே உடைத்துவிட்டார் என்று. அவர் நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"கடிதாசி இருக்கு, சரி. அந்தப் பதிவு எங்கேம்மா? காட்டு. நீதிபதியும் இதையேதான் கேப்பாரு."

காட்ட என்னிடம் எதுவும் இல்லை. டீச்சர் வீடு 1951இல் எரிந்துபோனது. எண்பத்தெட்டு விசிறிகளும் அதோடு போயின என்றார்கள். ஆனாலும் இந்த வழக்குக்கு முன்பே மூன்று வருடமாகத் தேடியிருந்தேன். நீதிமன்றத்து நிலவறையில் தேடினேன். பழைய பத்திரிகை அலுவலகத்தில் தேடினேன். அக்கரைப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். பேராசிரியர் கொண்டுபோன விசிறிகளாவது இருக்கின்றனவா என்றேன். இருந்தன, கண்ணாடிப் பெட்டிக்குள், நாட்டுப்புறக் கலை என்ற தலைப்பின் கீழ், நல்ல மேய்ப்பர் வெளியே பார்க்கும்படி.

"பின்பக்கம் பார்க்கலாமாங்க?"

"பலகையில பசை போட்டு ஒட்டியிருக்கு மேடம். பாதுகாப்புக்காக."

பேர்கள், இடங்கள், தீர்ப்புகள், நம் முன்னோர் நூற்றுக்கணக்கானவர், பாதுகாப்பாகப் பசைக்குள் இருக்கிறார்கள். துணைவேந்தர் அவர்களே, நீங்கள் வந்து ஓராண்டுதான் ஆகிறது, பசை உங்களுடையது அல்ல, அறிவேன். தாங்கள் தலை அசைப்பதற்கும் நன்றி.

இனி என் வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். அடுத்தவன் தவற்றை மேடையில் சொல்வது எல்லோருக்கும் இனிக்கும். ஏப்ரல் மாதம் இந்தச் சபையைச் சுத்தம் செய்தோம். வாசல் ஊழியர் அலமாரியின் அடித்தட்டில் ஒரு மரப்பெட்டி. மூடி மேல் கரியால் எழுதியிருந்தது, "விசிறி, அவசரத்துக்கு." படித்த பெண் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ரஸ்கோ அண்ணே, எலி கூடு கட்டியிருக்கும். திறக்காதீங்க. அப்படியே தூக்கிப் போடுங்க."

"வாசல் ஊழியன் விசிறியத் தூக்கிப் போடமாட்டான் தங்கச்சி."

"அதான் குளிர்சாதனம் போட்டாச்சே அண்ணே."

"அது மெஷின். நிக்கும். வெயிலு நிக்காது."

இன்று மதியம் மெஷின் நின்றது. அண்ணன் பெட்டியைத் திறந்தார். வழக்கப்படி முதலில் விருந்தினர், அப்புறம் தாய்மார்கள், அப்புறம் மேடை. மீதிப்பேருக்குப் புது விசிறி. மேடையில் எனக்கும் பழையதில் ஒன்று கிடைத்தது. துணைவேந்தர் அவர்கள் நாற்பத்திரண்டு நிமிடம் உரையாற்றினார்கள். அதற்காக என் ஆயுள் முழுக்க நன்றி சொல்வேன், இதில் கேலி இல்லை. இருபது நிமிடத்தில் முடித்திருந்தால் நான் பார்த்திருக்க மாட்டேன். இருபத்தைந்தாவது நிமிடத்தில், என்னை மன்னிக்க வேண்டும், அலுப்பில் விசிறியைத் திருப்பினேன். மூலையில் பென்சில் எழுத்து. விரல் நகம் அளவு. ஜூலை 18. 101. 0.

பிறகு நான் உரையைக் கேட்கவில்லை. ரஸ்கோ அண்ணனைச் சைகையால் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் காதோடு சொன்னார்:

"தெரியுமே. எல்லாத்துலயும் இருக்கு. விட்லோ கடைச் சரக்கு நம்பருன்னுல்ல நெனச்சோம்."

நாம் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். வீடு எரிவதற்கு முன்பே டீச்சர் யாரிடமும் சொல்லாமல் இந்தப் பெட்டியைச் சபைக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். எத்தனை ஞாயிறுகள், எத்தனை சவ அடக்கங்கள். மின்விசிறி வராத காலத்தில் இதை எடுத்து விசிறியிருக்கிறோம், கொசு அடித்திருக்கிறோம், தூங்குகிற பிள்ளையின் முதுகில் தட்டியிருக்கிறோம். அக்கரைக்காரன் ஒளித்தான் என்று பேசத்தான் மேடை ஏறினேன். அவன் ஒளிக்கவில்லை சபையோரே. அவன் நம்மிடமே கொடுத்துவிட்டுப் போனான், நாம் திருப்பிப் பார்க்க மாட்டோம் என்ற தைரியத்தில்.

திருப்புங்கள்.

விசிறுவதை நிறுத்துங்கள். பழைய விசிறி யார் யார் கையில் இருக்கிறதோ, திருப்புங்கள். கீழே, இடது மூலை. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சகோதரி வெர்லீன் ஓக்ஸ், தாங்கள் முதலில் படியுங்கள், ஒலிபெருக்கி வேண்டாம், உங்கள் குரலுக்கு அது தேவையும் இல்லை.

"ஜூன் ஒம்பது. தொண்ணூத்தெட்டு. சைபரு."

அடுத்து, அம்மா?

"ஜூன் இருவத்தி மூணு. நூறு. இதுலயும் சைபரு."

மூப்பர் ஹைராம், உங்கள் துணைவியார் கையில் இருப்பதைப் படியுங்கள்.

"ஜூலை இருபத்தாறு. நூத்தியொண்ணு. சைபர்னு போட்டுப் பக்கத்துல என்னமோ எழுதியிருக்கே. வெள்ளையர் ஒருவர், குடி, வீட்டுக்கு அனுப்பினார்கள்."

சிரியுங்கள், இப்போது சிரிக்கலாம். டீச்சர் அதையும் விடவில்லை பாருங்கள். பாரபட்சம் இல்லாத ஆய்வு என்றால் அதுதான்.

துணைவேந்தர் அவர்களே, தங்களிடம் ஒன்று இருக்கிறது. வற்புறுத்தவில்லை. படிக்கிறீர்களா? எழுந்து நிற்கிறீர்கள், நன்றி.

"ஆகஸ்ட் இரண்டு. நூற்றுமூன்று. பூஜ்யம்."

இந்த மாவட்டத்தில் நூற்றுமூன்று டிகிரி. நம் ஆட்கள் அத்தனை பேரும் தெருவில். பிடிபட்டவர் பூஜ்யம். கொதிக்காத இரத்தம் சபையோரே. கொதித்ததெல்லாம் பழத்தின் விலை. இந்தப் பூஜ்யத்தைத்தான் ஒரு பெண் தொண்ணூற்றிரண்டு வருடங்களுக்கு முன்னால் எழுதி, யாராவது படிப்பார்களா என்று சபைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனார். இப்போது படித்துவிட்டோம். படித்தவர் வாய்க்குள் அதைத் திரும்பத் தள்ள முடியாது. கல்வெட்டில் துணை நின்றவர் என்று இருக்கிறது. டாக்டர் ஹேல் அவர்களே, கல் இன்னும் சுவரில் ஏறவில்லை, உளியும் உங்களிடம்தான் இருக்கிறது. அதற்குமேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

சகோதரர் ரஸ்கோவுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணே, நான் சட்டம் படித்தவள் இல்லை. நாளை நீதிபதி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வழக்கறிஞர் இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார், கையில் ஜூலை ஆறு வைத்திருக்கிறார், அவருக்கும் தெரியாது. ஆனால் பதிவு எங்கே என்று கேட்டார்களே, அந்தக் கேள்விக்கு மட்டும் நாளைக்குப் பதில் இருக்கிறது.

ஆகவே நன்றி நவில்கிறேன். பட்டம் தந்த பல்கலைக்கழகத்துக்கு நன்றி. வெயிலுக்கு நன்றி. நின்றுபோன இயந்திரத்துக்கு நன்றி. அச்சடிக்க மறந்த அச்சகத்துக்கு நன்றி. ஒன்றும் நடக்காத எண்பத்தெட்டு நாளும் எழுந்து, குளித்து, தொப்பி வைத்து, அந்த மாடத்தில் போய் உட்கார்ந்து, ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதிய அல்மீடா பிரூயிட் டீச்சருக்கு நன்றி. படித்த பெண் சொன்னதைக் கேட்காத முடிதிருத்துபவருக்கு மிக மிக நன்றி.

ஒரு வேண்டுகோள். நம் சபையில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, விசிறியை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவோம். என் வீட்டில் ஆறு இருக்கிறது, தாய்மார்களே, உங்கள் வீட்டில் எத்தனை என்று நான் கேட்கவில்லை. இன்று மட்டும் வேண்டாம். ஆவணக் காப்பகங்களில் பழைய தாள்களைத் தொடுகிறவர்கள் வெள்ளைக் கையுறை போடுவார்கள். நம் வாசலில் ஒருவர் முப்பது வருடமாகப் போட்டுக்கொண்டு நிற்கிறார். போகும்போது பழைய விசிறியை அவர் கையில் கொடுங்கள், ஒவ்வொன்றாக, குச்சி உடையாமல், தேதி சொல்லிக் கொடுங்கள். எண்பத்தெட்டும் வந்து சேரும் வரை அவர் அங்கே நிற்பார். இன்று தொண்ணூற்றேழு டிகிரி. பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். நிற்கட்டும்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு நீதிமன்ற மாடத்தில் சந்திப்போம். வணக்கம்.